வரியின் வால்

கணினி மையத்தில் அபாய மணி அலறியது. சர்வர் திணறியது; அதில் சிக்கிக்கொண்ட வேலையை ஞானசேகர் உடனே நிறுத்தியாக வேண்டும். கண் மங்குவதை யாரிடமும் சொல்லாமல், திரையில் எழுத்துகளைப் பெரிதாக்கி வைத்திருந்தார். அதனால் ஓடும் வேலைகளின் பட்டியலில் ஒவ்வொரு வரியின் வாலும் வெட்டுப்பட்டிருந்தது. இரண்டு வரிகள் ஒன்றுபோலவே தெரிந்தன. ஒன்று சிக்கிய வேலை. மற்றது நாற்பதாயிரம் பிள்ளைகளின் தேர்வு முடிவைக் கணக்கிடும் வேலை. எது எதுவென்று தெரியவில்லை.

பக்கத்து இருக்கை ரஹிலா எட்டி, அவருடைய கீபோர்டில் ஒரு கட்டளையைத் தட்டினாள். நீண்ட வரிகள் மடிந்து இறங்கின. பெயர்கள் முழுதாகத் தெரிந்தன. அவர் சரியானதை நிறுத்தினார். மணி ஓய்ந்தது.

“என் கண்ணு விஷயம்... எப்போம்மா தெரிஞ்சுது?”

“என் கல்யாணப் பத்திரிகையைக் கையில வச்சுக்கிட்டே, ‘மாப்பிள்ளை பேரென்னம்மா?’ன்னு கேட்டீங்களே சார், அப்பவே.”