கறுப்பு வயர்

அன்று கடையில் இருந்தவர்கள் அப்பா, மூத்தவன், இளையவன், ஆம்ப்ளிஃபயர் வாங்க வந்த மண்டபக்காரர். சுவிட்சைப் போட்டதும் ஆம்ப்ளிஃபயருக்குள் இருந்த ஐசி சில்லு புகைந்தது.

"ஸ்பீக்கரோட கறுப்பு வயரை எவன்டா ஆம்ப்ளிஃபயரோட இரும்புப் பாடியில முடுக்கினது?" மூத்தவன் கத்தினான். "இது பிரிட்ஜ் மோடுடா! ரெண்டு வயர்லயும் ஐசிதான் பவர் தருது. ஒண்ணு பாடியில பட்டாலும் போச்சு!"

மண்டபக்காரர் சிரித்தார். "நாப்பது வருஷ அனுபவம்னு போர்டுல மட்டும்தானா?"

அப்பா இளையவனைப் பார்த்தார். அவன் தலைகுனிந்தான்.

"நான்தாண்ணா."

"கடை மானத்தையே வாங்கிட்டியே! இனி இந்தப் படியேறாதே," என்றார் அப்பா.

அவன் அன்றே ஊரைவிட்டுப் போனான்.

இளையவனுக்குத் தொழில் தெரியாது என்று கடைத்தெருவில் இன்றும் பேச்சு. அது பொய். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் கறுப்பு வயர் பாடிக்குத்தான் போகும்; அந்தப் பழக்கத்தில் அன்று அதைப் பாடியில் முடுக்கியவர் அப்பா.