ஆறு கோழி, பதினொரு நாள்

"பதினொரு நாளாச்சு டாக்டரம்மா. ஆறு கோழி, ஒத்த முட்டை கூட இல்ல!"

கொல்லைக் கதவைத் திறக்கும்போதே வீட்டுக்கார அம்மா பொரிந்து தள்ளினார். தீவனத்தில் கிளிஞ்சல் தூள் கலந்தாராம், குடற்புழு மருந்து கொடுத்தாராம், கூடைக்கெல்லாம் புது வைக்கோல் போட்டாராம். அவருடைய கணவர் பின்னால் தண்ணீர்ச் சொம்போடு நல்ல பிள்ளையாக நின்றார்.

கால்நடை மருத்துவர் ஒரு கோழியைப் பிடித்து மடியில் அமுக்கிக்கொண்டார். கொண்டை செக்கச்செவேலென்று இருந்தது. இடுப்பெலும்புகளுக்கு நடுவே விரல் வைத்துப் பார்த்தார். மூன்று விரல் தாராளமாக அடங்கியது. முட்டையிடாத கோழிக்கு ஒரு விரல் நுழைவதே பெரும்பாடு. அடுத்ததும் அப்படித்தான். ஆறுமே அப்படித்தான்.

"அம்மா, உங்க கோழிங்க..."

"டாக்டர் கை கழுவணும், சோப்பு எடுத்துட்டு வா" என்று கணவர் அவசரமாகக் குறுக்கே புகுந்தார். மனைவி உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"காட்டிக் கொடுத்துடாதீங்க டாக்டர். விடியறதுக்குள்ள நான்தான் முட்டையெல்லாம் எடுத்து எதிர்வீட்டுல குடுத்துடறேன்."

"எதுக்கு சார் இந்த வேலை?"

"எங்களுக்கு ஒரே பொண்ணு. வேலைன்னு கடல் கடந்து போனதுல இருந்து இவ வாயே திறக்கல. ஒருநாள் விளையாட்டா முட்டையை ஒளிச்சு வச்சேன். 'என்னங்க, முட்டையைக் காணோமே'ன்னு ஓடி வந்தா. மூணு மாசத்துல அதுதான் முதல் பேச்சு! அப்புறம் எனக்கு நிறுத்த மனசு வரல."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மருத்துவருக்குத் தர்மசங்கடம். நோயில்லாத கோழிக்கு மருந்து எழுதுவதா, பேச ஆரம்பித்த மனுஷியை மறுபடி ஊமையாக்குவதா? சோப்போடு வந்த அம்மாவிடம், "சத்துக் குறைவுதான், சரியாகறதுக்கு இன்னும் கொஞ்ச நாளாகும்" என்று மென்று விழுங்கி ஒரு டானிக்கை எழுதிக் கொடுத்தார்.

வாசல்வரை வழியனுப்ப மனைவி மட்டும் வந்தார். கணவரின் காதுக்கு எட்டாத தூரம் வந்ததும் மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உண்மையைப் போட்டு உடைக்காம விட்டீங்களே, நீங்க நல்லாயிருக்கணும். பொண்ணு போனதுல இருந்து சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்த மனுஷன். முட்டையைத் திருட ஆரம்பிச்சப்புறம்தான் டாக்டரம்மா, விடியக்காலைல தானா எழுந்திருக்கிறாரு."