வேகாத சோறு

ஆவணி மாதம். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த நண்பகல், மணி பன்னிரண்டரை. ஆரியசாலையில், மாப்பிள்ளை வீட்டு மாடியில் மறுவீட்டு விருந்து தொடங்கியிருந்தது.

மணப்பெண்ணின் தாய் பகவதியம்மாள், இலையிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தார்.

"என்ன சம்பந்தி, எங்க வீட்டுச் சோறு இறங்கல்லியோ?" என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா கோலப்பன். பந்தியே திரும்பிப் பார்த்தது.

மறுவீட்டில் சம்பந்தியம்மாள் உண்ணாமல் எழுந்தால், உறவையே உதறியதாகப் பேசுவார்கள். உண்ணத்தான் அவரால் இயலவில்லை. உடல் எடையைக் குறைப்பதற்காகச் சென்ற ஆண்டு அவருடைய இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு வளையம் பொருத்தியிருந்தார்கள். எடை நன்றாகவே குறைந்தது, மூட்டுவலியும் போயிற்று. ஆனால் போன வாரம் ஊசியால் நீரேற்றி அதை மேலும் இறுக்கியதிலிருந்து, சோறு நெஞ்சிலேயே சிக்கித் திரும்பி வந்துவிடுகிறது.

'பெண்ணும் அம்மாவைப்போலப் பருத்துவிடுவாள்' என்பார்களோ என அஞ்சி, இந்த வீட்டில் அதைப்பற்றி அவர் மூச்சுவிடவில்லை.

ஒரு கவளம் விழுங்கினார். கண் கலங்கியது. மகள் பத்மப்ரியா பதறி எழப்போனாள்.

அதற்குள், அருகில் அமர்ந்திருந்த மாப்பிள்ளையின் தாய் கோமதியம்மாள் தம் இலையைத் தள்ளினார்.

"ஓய் திரவியம்! இது சோறா, அரிசியா?"

சமையற்காரர் ஓடி வந்து தலைகுனிந்து நின்றார். "தப்புதான் அம்மா."

"முப்பது வருஷமா வைக்குத சோறு! சம்பந்தி முன்னால என் மானத்தை வாங்கிட்டீரே!"

"எனக்கு நல்லாத்தானே இருக்கு..." என்று மென்றபடியே முனகினார் கோலப்பன்.

"உங்களுக்குக் கல்லும் செமிக்கும், அத்தான்," என்ற கோமதியம்மாள், பகவதியம்மாளிடம் திரும்பினார். "மைனி, நீங்க இதைத் தொடாண்டாம். உள்ள வாங்கோ, தெளிவு ரசம் தாறேன்."

பத்மப்ரியாவின் முகம் வாடிற்று. வயதான சமையற்காரரை இத்தனை பேர் முன்னிலையில் ஏசுகிற மாமியாரிடமா இனி வாழ்வது?

உள்ளே, குளியலறையிலிருந்து முகம் கழுவி வந்த பகவதியம்மாளிடம் கோமதியம்மாள் துடைத்துக்கொள்ளத் துவர்த்தை நீட்டினார்.

"எப்ப இறுக்கினது?"

பகவதியம்மாள் திகைத்துப்போனார்.

"உங்களை ஆஸ்பத்திரி வராந்தாவில கண்டிருக்கேன், மைனி. நானும் வளையம் வச்சவதான், சோறு சிக்கும்னு எனக்குத் தெரியாதா? என்னோடது நழுவிப்போயி, பின்னே எடுத்தாச்சு. தெரிஞ்சுதான் உங்க மகளைப் பெண் கேட்டேன். நாளைக்கே போயி, கொஞ்சம் தண்ணி எடுத்து லூசாக்கச் சொல்லுங்கோ. பட்டினி கிடக்கவா அதை வச்சது?"

பகவதியம்மாள் ரசத்தைச் சிறிது சிறிதாகக் குடித்தார். அது சிக்காமல் இறங்கிற்று.

"ஆனா, என்னால பாவம், அந்தத் திரவியம்..."

"ரசம் ஆறிடும். குடிங்கோ."

மறுநாள் வளையத்தைத் தளர்த்திக்கொண்டு திரும்பும் வழியில், பகவதியம்மாள் மகளுடன் திரவியத்தின் வீட்டுக்குச் சென்று ஐந்நூறு ரூபாயை நீட்டினார்.

திரவியம் சிரித்தார், வாங்கவில்லை.

"வேண்டாம்மா. ஏச்சு கேக்கதுக்குக் கூலியா ஆயிரம் ரூபாயை, கோமதியம்மா விருந்துக்கு முந்தின நாளே தந்தாச்சு."