வலது கன்னத்து மச்சம்

"உன் மூஞ்சிய எங்கம்மா ஒளிச்சு வச்சிருக்க?"

தேயிலைத் தோட்டத்துக் கோவில் சுவருக்கு முன்னால், சாரத்தின் மேல் நின்றபடி நல்லையா கேட்டார். சுவரில் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்திருந்தார்.

கீழே தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்த ஜெயந்தினி நிமிர்ந்தாள். "எந்த மூஞ்சிங்க ஐயா?"

"நடிக்காத. ஐரோப்பாவுல படம் வரையிறவங்க, கூட்டத்துக்குள்ள தன் மூஞ்சியையும் வரைஞ்சு வச்சிருவாங்களாமே. எங்க வீட்டுக்காரிகிட்ட சொன்னியாம்."

"சொன்னேங்க. ஒருத்தர் வெட்டுப்பட்ட ராட்சசன் தலைக்கே தன் மூஞ்சிய வச்சாராம். நாவல் எழுதுற ஆம்பளைங்க கதாநாயகிக்குள்ளயே புகுந்துக்குவாங்களாம்."

"அவங்களுக்கு வேற வேலை இல்ல. இது தோட்டத்துக் கோவில். பெயிண்ட் அடிக்க வந்த புள்ள மூஞ்சி இந்தச் சுவத்துல இருக்கக் கூடாது. என் வீட்டுலயும் இருக்கக் கூடாது."

இரண்டாவதுதான் உண்மையான விஷயம். நல்லையா கோவில் கமிட்டித் தலைவர். அவருடைய மகன் கஜேந்திரன், கட்டினால் ஜெயந்தினியைத்தான் என்று மூன்று மாதமாக ஒற்றைக் காலில் நிற்கிறான். படம் முடிந்ததும் அவள் தன் ஊரான பூனாகலைக்கு பஸ் ஏறிவிட வேண்டும். அவர் மகனுக்கு மொனராகலையில் பெண் பார்க்கப் போக வேண்டும். அதுதான் அவருடைய திட்டம்.

"எனக்கு அடையாளம் தெரியும். உன் வலது கன்னத்துல இம்மாம் பெரிய மச்சம். அத வச்சுத்தான் தேடுறேன்."

ஜெயந்தினி வலது கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சுவரில் மாரியம்மனைச் சுற்றி நாற்பத்தேழு பேர். கரகம் எடுப்பவர்கள், தப்பு அடிப்பவர்கள், கொழுந்துக் கூடை சுமக்கும் பெண்கள். நல்லையா ஒவ்வொருவருடைய வலது கன்னத்தையும் விரலால் தடவிக்கொண்டே போனார். நல்லவேளை, பெயிண்ட் காய்ந்திருந்தது.

அம்மன் காலடியில் கிடந்த அசுரனிடம் வந்ததும் நின்றார். "இவன் மூக்க எங்கயோ பாத்திருக்கேனே."

"தெனம் ஷேவ் எடுக்கும்போது பாக்குற மூக்குதான்," என்றாள் கீழே நின்ற அவர் மனைவி பாக்கியலெட்சுமி.

நல்லையா அவளை முறைத்துவிட்டு அம்மனிடம் போனார். கிரீடம், மஞ்சள் பூசிய முகம், பெரிய மூக்குத்தி. வலது கன்னம் சுத்தமாக இருந்தது. அவர் முகம் மெல்ல இளகியது.

"அடடா, என்ன களை! இடது கன்னத்துல திருஷ்டிப் பொட்டு வேற வச்சிருக்க. நல்ல யோசனைதான். இந்த அழகுக்குக் கண்ணு பட்டுரும்."

"ஆமாங்க ஐயா."

இறங்கி வந்து கை கூப்பினார். "தாயே, இதே முகத்தோட ஒரு பொண்ணக் காட்டு. சாதகம்கூடப் பாக்க மாட்டேன். எவளா இருந்தாலும் அவதான் என் மருமக."

"ஏங்க, சும்மா சொன்னா தாய்க்குக் கேக்குமா? சூடம் அணைச்சுச் சொல்லுங்க," என்றாள் பாக்கியலெட்சுமி.

சூடம் அணைத்துச் சொன்ன வார்த்தையை அந்தத் தோட்டத்தில் யாரும் மாற்றியது கிடையாது. நல்லையா சூடத்தை ஏற்றினார். சொன்னதை அப்படியே திரும்பச் சொன்னார். உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தார். மனநிறைவோடு கமிட்டிக் கூட்டத்துக்குக் கிளம்பிப் போனார்.

அவர் தலை மறைந்ததும், பாக்கியலெட்சுமி முந்தானைக்குள்ளிருந்து ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்தாள். அதன் ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

"நாலு நாளா இத உன் முன்னால தூக்கிப் பிடிச்சே என் கை ஒடிஞ்சு போச்சு. கண்ணாடியப் பாத்து வரைஞ்சா வலது கன்னத்து மச்சம் இடது கன்னத்துக்குப் போயிரும்னு அவருகிட்ட இப்பவே சொல்லிரட்டுமா மருமகளே, இல்ல தாலி ஏறினப்புறம் சொல்லிக்கலாமா?"