ஒரு நாளும் நிற்காத வண்டி

"என் வண்டி ஒரு நாளும் நின்னதில்ல தம்பி. அருமையான வண்டி."

ஸ்ரீரங்கன் சார் இதைச் சொல்லும்போதெல்லாம் தனசேகருக்கு வயிறு எரியும். எரியாமல் என்ன செய்யும்? ஒரே அபார்ட்மெண்ட், ஒரே கம்பெனியின் அதே எலெக்ட்ரிக் கார். அவருடையது நீலம், இவனுடையது வெள்ளை. அவ்வளவுதான் வித்தியாசம்.

தனசேகரின் கார் வாங்கின நாளிலிருந்தே அழிச்சாட்டியம் பண்ணிக்கொண்டிருந்தது. பேட்டரியில் முக்கால்வாசி சார்ஜ் இருக்கும். திடீரென்று, வேகம் குறையப்போகிறது என்று எச்சரிக்கும் ஆமை படம் திரையில் வரும். அப்புறம் திரையே கறுத்துப்போய், கார் நடுரோட்டில் உட்கார்ந்துவிடும். சர்வீஸில் கேட்டால், "சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணிட்டோம் சார், இனிமே வராது" என்பார்கள். மறுவாரமே ஆமை வந்துவிடும்.

வேறு கம்பெனி வண்டி வாங்கின ஆபீஸ் நண்பர்களும் ஒன்றும் நிம்மதியாக இல்லை. ஒருத்தனுக்குச் சார்ஜர் கொதிக்கிறது, இன்னொருத்தனுக்கு மழை பெய்தால் கதவு திறப்பதில்லை. ஆனால் அவர்கள் வீட்டில் யாரும் நிறைமாதம் இல்லையே. அவன் மனைவி ஷர்மிளாவுக்கு இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தது. வலி எடுத்து, பாதி வழியில் இந்தச் சனியன் நின்று தொலைத்தால் என்ன பண்ணுவது என்று அவனுக்கு உள்ளூர நடுக்கம்.

"சார், நம்ம ஓனர்ஸ் வாட்ஸப் குரூப்ல நீங்களும் ஒரு வரி போடுங்க. எல்லாரும் சேர்ந்து கேட்டாத்தான் கம்பெனிக்காரன் கோளாறான பார்ட்டை மாத்தித் தருவான்."

"இல்லாததை எப்படித் தம்பி போடறது? என் வண்டிக்குத்தான் ஒண்ணும் இல்லையே" என்றவர், "ஷர்மிளாவுக்கு எப்படி இருக்கு? ஆஸ்பத்திரி எங்க, தாம்பரத்துலயா?" என்று விசாரித்தார்.

இந்த விசாரிப்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை என்று தனசேகர் மனசுக்குள் கறுவிக்கொண்டான். குரூப்பில் எல்லோரும் அவரைக் 'கம்பெனி ஆளு' என்றுதான் சொன்னார்கள். அவனும் அதை நம்ப ஆரம்பித்திருந்தான்.

இது போதாதென்று வாசலில் ஒரு ஆட்டோ. நாலைந்து நாளாகச் சாயங்காலமானால் கேட்டை ஒட்டி வந்து நின்றுகொள்கிறது. தண்ணி லாரி திரும்பக்கூட இடமில்லை.

"சவாரி இருந்தா போப்பா, இல்லன்னா வேற எடம் பாரு" என்று தனசேகர் ஒரு நாள் கத்தியும் பார்த்தான். ஆட்டோக்காரர் சின்னதம்பி சிரித்துக்கொண்டே வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார். போகவில்லை.

சனிக்கிழமை பார்க்கிங்கிலேயே வெள்ளைக் கார் செத்துப்போனது. சர்வீஸுக்கு ஏற்றிப்போக வேன் வந்தது. அதன் டிரைவர் பக்கத்தில் நின்ற நீல வண்டியையே பார்த்தார்.

"இன்னா சார், இந்த வண்டி இங்கதான் கீதா? காணும் பொங்கல் அன்னிக்கு இத பள்ளிக்கரணையிலேர்ந்து நான்தான் ஏத்திகினு போனேன். நடுரோட்டுல கதவெல்லாம் தெறந்தபடி நின்னுகினு இருந்துது. உள்ள ஆளே இல்ல. கீழ ஒத்தச் செருப்பு மட்டும் கெடந்துது, லேடீஸ் செருப்பு."

"இந்த வண்டியா நின்னுச்சு? நல்லாத் தெரியுமா?"

"நம்பர் கூட ஞாபகம் கீது சார்."

தனசேகர் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. படியிலேயே ஏறினான். இன்றைக்கு அந்தப் பெரிய மனுஷனின் வண்டவாளத்தை வெளியே கொண்டுவராமல் விடுவதில்லை.

கதவைத் திறந்தவள் ஸ்ரீரங்கனின் மகள் சின்மயி. அவளுக்குப் பின்னால் சுவரில், மாலை போட்ட அவள் அம்மாவின் படம். சித்திரையில் குடிவந்த தனசேகர் அந்த அம்மாவைப் பார்த்ததில்லை.

"அப்பா இருக்காராம்மா? உங்க காரைப் பத்தி ஒண்ணு கேக்கணும்."

சின்மயியின் முகம் வெளுத்தது.

"கார்ல என்னண்ணா? நின்னுதா? அப்பா ஏதாவது சொன்னாரா?"

"ஏம்மா, ஏன் இப்படிப் பதறற?"

"பெட்ரோல் வண்டியே போதும்னாங்க அம்மா. நான்தான் அடம்புடிச்சு என் சம்பளத்துல இதை வாங்கிக் குடுத்தேன். காணும் பொங்கல் அன்னிக்கு அம்மாவுக்கு நெஞ்சுவலி. நான் பெங்களூர்ல இருந்தேன். அப்பா இந்தக் கார்லதான் கூட்டிட்டுப் போனாரு. வழியிலேயே..." அவளால் முடிக்க முடியவில்லை. "'டிராஃபிக்னாலதான்மா லேட்டாச்சு, உன் வண்டி நல்லாத்தான் ஓடுச்சு'ன்னு அப்பா சொல்லலேன்னா, நான் என்னிக்கோ போய்ச் சேர்ந்திருப்பேன்ணா. நானும் அந்த குரூப்ல இருக்கேன். எல்லாரும் வண்டி நின்னுது நின்னுதுன்னு போடறப்போ ஒடம்பெல்லாம் பதறுது."

ஸ்ரீரங்கன் உள்ளேயிருந்து வந்து நின்றார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தனசேகரையே பார்த்தார்.

அந்த ஒத்தச் செருப்பு யாருடையது என்று தனசேகருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அட, அதெல்லாம் இல்லம்மா. உங்க வண்டி மட்டும் நிக்கவே மாட்டேங்குதே, எந்த சர்வீஸ்ல விடறீங்கன்னு கேக்கலாம்னு வந்தேன்."

சின்மயி கண்ணைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தாள். ஸ்ரீரங்கனைப் பார்க்கத் தைரியமில்லாமல் தனசேகர் இறங்கி வந்துவிட்டான்.

கேட்டை ஒட்டி அதே ஆட்டோ. இன்றைக்கு அவனுக்குக் கோபம் வரவில்லை. பக்கத்தில் போனான்.

"தினமும் யாருக்காகப்பா இங்க நிக்கிற?"

"உங்க வூட்டம்மாவுக்குத்தான் சார்" என்றார் சின்னதம்பி. "கொழந்த பொறக்குற வரைக்கும் இந்த எடத்த வுட்டு நகரவே கூடாதுன்னு ஸ்ரீரங்கன் சார் சொல்லிக்கீறாரு. அன்னிக்கு அவருக்கு ஒரு ஆட்டோ கெடைக்கலையாம்."