பச்சத்தண்ணி

“ராமுத்தாய்! வெளிய வாடி!”

விடிந்தும் விடியாததுமாக மிக்கேல் போட்ட சத்தத்தில் தோட்டத் தொழிலாளர் லயமே எழுந்து வாசலுக்கு வந்துவிட்டது. நேற்று வரைக்கும் அவளை ‘அத்தை’ என்று கூப்பிட்ட வாய்தான். தலைச்சன் பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் மரியாதையை எதிர்பார்க்க முடியுமா?

கம்பம்மெட்டுக்கு மேலே அந்த ஏலத்தோட்டத்தில் யாருக்குப் பேறுகாலம் என்றாலும் ராமுத்தாய்தான் மருத்துவச்சி. நேற்று மிக்கேல் பெண்டாட்டி அன்னமேரிக்கும் அவள்தான் பார்த்தாள். ஆண் பிள்ளை. பிறந்த கொஞ்ச நேரத்தில் போய்விட்டது.

கதவு திறந்தது. “என்னய்யா?” என்றாள் ராமுத்தாய்.

“என்னய்யாவா? பிறந்த பிள்ளை தலையில பச்சத்தண்ணிய ஊத்துனியே, நீ மனுசியா? கதவிடுக்குல எங் கண்ணால பாத்தேன்! இந்த மலைக் குளிரு பெரியாளையே நடுக்குது, பச்ச மண்ணு தாங்குமா?”

“அடிப்பாவி!” என்று கன்னத்தில் கை வைத்தாள் பக்கத்து வீட்டுக் கத்தரீனாள். “இவகிட்டயா நாம பிள்ளை பெத்தோம்?”

ராமுத்தாய் வாயே திறக்கவில்லை. அதில் மிக்கேலுக்கு இன்னும் ஆத்திரம்.

“பேசுடி! எம் பிள்ளைக்கு உசுரும் போச்சு, மோட்சமும் போச்சு. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்குக் கல்லறையில இடம் இல்லையாம். வேலிக்கு வெளிய, ஓடைக்கரையில புதைக்கணுமாம். ‘எம் பிள்ளை சேசுகிட்டப் போகாதா’ன்னு அன்னமேரி சுவத்துல முட்டிக்கிட்டு அழுவுறா. அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல?”

சாமியார் கம்பத்திலிருந்து மலையேறி வருவது மாசத்துக்கு ஒரு தரம். அவர் வருகிற நாளாகப் பார்த்தா பிள்ளை பிறக்கும்? என்ன நியாயமோ!

சத்தம் கேட்டு உபதேசியார் அமிர்தநாதன் ஓடி வந்தார். சாமியார் இல்லாத நாளில் ஜெபமும் அடக்கமும் அவர் பொறுப்பு.

“துக்க வீட்டை விட்டுட்டு இங்க என்ன சண்டை மிக்கேலு? எல்லாம் ஆண்டவர் சித்தம்.”

“ஆண்டவர் சித்தமா? இவ ஊத்துன தண்ணிதான்யா!”

உபதேசியார் முகம் மாறியது. “தண்ணி ஊத்துனாளா? எங்கிட்ட யாரும் சொல்லலையே!”

அவர் விசாரித்தால்தானே? பிரசவ அறையில் மயங்கிக் கிடந்த அன்னமேரியைத் தவிர கிறிஸ்தவள் யாரும் இல்லை என்றதுமே, ஓடைக்கரை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். காளியம்மனைக் கும்பிடுகிறவளிடம் கேட்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு!

“ராமுத்தாய், ஊத்துறப்போ பிள்ளைக்கு உசுரு இருந்துச்சா?”

“இருந்துச்சுய்யா.”

“ஏதும் சொன்னியா?”

கூட்டத்தில் நின்ற புருசனை அவள் ஒரு பார்வை பார்த்தாள். அவன் காளியம்மன் கோயில் பூசாரி. வருவது வரட்டும் என்று சொல்லிவிட்டாள்.

“பிள்ளை நீலம் பாரிச்சுப் போச்சு. இனி நிக்காதுன்னு தெரிஞ்சுபோச்சு. வெந்நீர் ஆறுற வரைக்கும் அது தாங்காது. ‘பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து பேரால உனக்கு ஞானஸ்நானம் குடுக்கேன்’னு சொல்லித்தாம் ஊத்துனேன். ஆபத்துன்னா இப்படிச் செய்யின்னு உங்க பழைய சாமியார்தான் எனக்குச் சொல்லிக்குடுத்தாரு. நான் விபூதி பூசுறவ. எங் கைபட்டது செல்லாதுன்னுருவீகளோன்னுதாம் வாயத் தொறக்கல.”

உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். “யார் கையால குடுத்தாலும் செல்லும் தாயி! குழிய வேலிக்கு உள்ளயே வெட்டச் சொல்லுறேன். கத்தரீனா, ஓடு! அன்னமேரிகிட்டச் சொல்லு, அவ பிள்ளை சேசுகிட்டத்தான் இருக்குன்னு!”

மிக்கேல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“பிள்ளைக்குப் பேரு ஏதும் வச்சியாம்மா?” என்று கேட்டார் உபதேசியார்.

“வச்சேன்யா. உள்ள நான் தண்ணிய ஊத்துறப்ப, வெளிய இவன் ‘எம் உசுர எடுத்துக்க ஆண்டவரே, பிள்ளைய விட்டுரு’ன்னு கதறிக்கிட்டு நின்னான். எனக்கு வேற பேரு வாயில வரல. மிக்கேலுன்னு வச்சேன்.”