நீல அட்டைக்கு எதிராக

தமிழய்யா பேச எழுந்தார். ஆசிரியர் அறையின் நாற்காலிகள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தன.

மேஜைமேல் இரண்டு நாவல்கள். பச்சை அட்டையில் நான்கு பிள்ளைகள் சேர்ந்து ஒரு கடத்தல் கும்பலையே சுருட்டுகிறார்கள். நீல அட்டையில் ஒரு பெண், பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டு, தினமும் பஸ் டிப்போவில் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

ஒன்பதாம் வகுப்பு முழுக்க இந்த வருடம் வாசிக்கப்போவது இதில் ஒன்றைத்தான்.

தமிழய்யாவுக்கு நீலம்தான் வேண்டும். பார்க்கிறவர்களையெல்லாம் சட்டையைப் பிடித்து நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே தேறாவிட்டால் விற்காத பிரதிகள் எடைக்குப் போய்விடும் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஆனால் தலைமையாசிரியை ஒரு சட்டம் வைத்திருந்தார். எந்தப் புத்தகத்துக்குக் கொடி பிடிக்கிறோமோ, அதன் குறைகளைத்தான் முதலில் பேச வேண்டும். அப்போதுதான் நியாயமாம்.

பச்சைக்காரரான கணக்கு டீச்சர், எழுத்து கொஞ்சம் பொடியாக இருக்கிறது என்று ஒப்புக்கு ஒரு குறை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். விவரமானவர்.

தமிழய்யாவும் அப்படித்தான் ஒப்பேற்ற நினைத்தார். சத்தியமாக.

"மூணு அத்தியாயம் அடைமழைங்க. கதை மட்டும் ஒரு சொட்டு நனையல!"

விளையாட்டு வாத்தியார் சிரித்த சிரிப்பில் மின்விசிறி ஒரு சுற்றுத் தடுமாறியது. காலமெல்லாம் வகுப்பில் தூங்குகிறவர்களை எழுப்பியே தேய்ந்த தமிழய்யாவுக்கு இப்படி ஒரு சிரிப்பு கிடைத்தால் விடுவாரா?

கதையில் வரும் அப்பா வாயைத் திறந்தால் வானொலிச் செய்தி வாசிக்கிறார் என்றார். முடிக்கத் தெரியாமல் பெண்ணைப் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள் என்றார். கணக்கு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறந்ததிலிருந்தே சிரித்தறியாத தலைமையாசிரியை கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கடைசியில் தமிழய்யா குரலைத் தாழ்த்தினார். "எழுதினவங்களுக்கே அந்தப் பொண்ணப் பாத்தா பயம். அதான் கிட்டயே போகல."

அறை கைதட்டியது.

அதன்பிறகு நீலத்தை ஆதரித்து அவர் பேசியது ஒருவர் காதிலும் ஏறவில்லை. விளையாட்டு வாத்தியார் இன்னும் அந்த மழையிலேயே இருந்தார். எல்லாக் கையும் பச்சைக்குத்தான் உயர்ந்தது.

வராந்தாவுக்கு வந்தபோது போன் அடித்தது. அவர் மனைவி. நீல அட்டையில் புனைபெயருக்குப் பின்னால் இருப்பவள்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"பச்சையத்தான் எடுத்திருக்காங்க. ஒரு ஆளு ரொம்ப மோசமாப் பேசிக் கெடுத்துட்டான்."



"அப்படி என்னதான் சொன்னான்? பரவாயில்ல, சொல்லுங்க. அடுத்ததுல திருத்திக்கறேன்."

மழையைச் சொல்லலாமா என்று பார்த்தார். அது சாப்பாட்டு மேஜையில் அவளே சொல்லி நொந்துகொண்டது. வானொலி அப்பாவும் அவள் சொன்னதுதான், பஸ்ஸும்தான்.

அந்தப் பயத்தை மட்டும், விளக்கை அணைத்த பிறகு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்.